மூச்சு தயார், கெண்டைக்கால் தயாரா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போதே, தை, மாசியில் நடக்கும் டூயத்லான் போட்டிகளின் அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. முதலில் ஓட்டம், நடுவில் சைக்கிள், கடைசியில் மறுபடி ஓட்டம் என்பதுதான் டூயத்லான். ஒரு பக்கம் பெங்களூரு, மறுபக்கம் சேலம் என்று இருப்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் பலர் ஆர்வமாகப் பெயர் கொடுக்கிறார்கள். இவர்களில் நிறையப் பேர் மழையாலோ, காய்ச்சலாலோ, வேலைப் பளுவாலோ இரண்டு மூன்று மாதம் ஓட்டத்தை விட்டவர்கள். பணம் கட்டிய பிறகுதான் ஷூவைத் தேடி எடுக்கிறார்கள். வருடத்தின் முதல் போட்டியிலேயே கால் போய், மீதி வருடம் முழுக்க உட்கார்ந்துவிடுகிறவர்கள் இவர்களில்தான் அதிகம். தவிர்க்கக்கூடிய இழப்பு என்பதால் எழுதுகிறோம்.

உடம்பில் எல்லாம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. ஓட்டத்தை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடும். அதனால்தான் திரும்பி வந்த முதல் நாள் நாடி எகிறி, மூச்சு வாங்குகிறது. அது பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும். தசை ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வழிக்கு வரும். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இருக்கிறதே, ஊரில் குதிகால் நரம்பு என்பார்கள், உண்மையில் அது தசைநாண். அதற்கு மூன்று மாதமாவது வேண்டும். எலும்புக்கும் அப்படித்தான். புதிதாகப் பாரம் ஏறும்போது எலும்பு முதலில் பழைய பகுதியை அரித்து எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் புதிதாகக் கட்டும். பழைய பூச்சைக் கொத்திய சுவர் புதுப் பூச்சுக்குக் காத்திருப்பது போல, மூன்றாவது நான்காவது வாரத்தில் எலும்பு சற்று பலம் குறைந்து நிற்கும். சரியாக அந்த வாரத்தில்தான் மூச்சு நன்றாகத் திரும்பி, ‘பழைய வேகம் வந்துவிட்டது’ என்ற நம்பிக்கையும் வருகிறது. கணைக்கால் எலும்பில் விரிசல் விழுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

ஓட்டத்தை மட்டும் விட்டுவிட்டு சைக்கிளைத் தொடர்ந்து மிதித்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சைக்கிள் இதயத்தையும் நுரையீரலையும் தொடையையும் காப்பாற்றிக் கொடுக்கும். ஆனால் அதில் உடம்புப் பாரம் சீட்டில் இருக்கிறது, காலில் இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்கும் பாரம் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. 70 கிலோ ஆளுக்கு 140 முதல் 210 கிலோ. 5 கிலோமீட்டருக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். கேஆர்பி அணைக்கும் ஊருக்கும் தினம் சைக்கிளில் போய் வருகிற ஒருவருக்கு மூச்சே வாங்காது. அதனால் நிறுத்தச் சொல்லி உடம்பு தரும் முதல் எச்சரிக்கை அவருக்குக் கிடைப்பதில்லை. இன்ஜின் பெரிது, அச்சு சிறிது. முழு வேகத்தில் போய்க் கெண்டைக்காலைக் கிழித்துக்கொள்வார்.

ஆகவே பெயர் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். செருப்பில்லாமல் சமதரையில் நின்று, சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில், முழங்காலை மடக்காமல் குதிகாலைத் தூக்குங்கள். இரண்டு விநாடி ஏற்றம், இரண்டு விநாடி இறக்கம். விரல் சுவரைத் தொட்டிருக்கலாம், சுவரில் சாயக் கூடாது. ஒரு காலுக்கு 20 முறை, கடைசி முறையும் முதல் முறை போலவே உயரமாக வர வேண்டும். பன்னிரண்டு பதிமூன்றிலேயே உயரம் குறைந்து கால் நடுங்கினால், அல்லது ஒரு கால் 20 செய்து மறுகால் 14ல் நின்றுவிட்டால், அந்தக் கெண்டைக்கால் 5 கிலோமீட்டர் வேக ஓட்டத்துக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். பலர் இரண்டு காலுக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். செய்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

குறை தெரிந்தால் அதற்கான மருந்தும் வாசற்படியிலேயே இருக்கிறது. படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் ஊன்றி, குதிகாலை வெளியே தொங்கவிட்டு நில்லுங்கள். இரண்டு காலாலும் மேலே ஏறி, ஒரு காலில் மட்டும் பாரத்தை வைத்து, மூன்று விநாடி எண்ணி மெல்லக் கீழே இறக்குங்கள். 15 முறை வீதம் மூன்று தடவை. முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி இன்னொரு முறை செய்ய வேண்டும். நேராக வைத்தால் கெண்டையின் மேல்தசைக்கு வேலை. மடக்கினால் அதற்கு அடியில் இருக்கும் தசைக்கு வேலை. ஓட்டத்தில் அதிகம் உழைப்பது அந்த அடித்தசைதான், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குதிகால் எலும்பின் பின்பக்கத்திலேயே வலி இருப்பவர்கள் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காமல் படியின் மட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்; கீழே இறக்கினால் வலி கூடும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஆறு முதல் எட்டு வாரத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஓட்டத்துக்குத் திரும்புவதற்கு எட்டு வாரம் இருந்தால் நல்லது. முதலில் அரை மணி நேரம் வேக நடை, வலி இல்லாமல். அது ஆனால்தான் அடுத்தது. முதல் வாரம் ஒரு நிமிடம் மெல்ல ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் கட்டாய இடைவெளி. இரண்டாம் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாம் நான்காம் வாரம் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து அல்லது ஆறு முறை. முன்னே சொன்ன எலும்பு பலம் குறையும் கட்டம் இதுதான் என்பதால் இந்த இரண்டு வாரமும் வேகத்தைத் தொடவே கூடாது. ஐந்தாம் ஆறாம் வாரத்தில் நிற்காமல் 20, பிறகு 25 நிமிடம். ஏழாம் வாரம் 45 நிமிடம் சைக்கிள், இறங்கியவுடன் 10 நிமிடம் ஓட்டம். எட்டாம் வாரம் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்துவிட்டுப் போட்டிக்குப் போகலாம். ஓடாத நாட்களில் சைக்கிள் மிதிக்கலாம். அதில் கடுமையாகப் பயிற்சி செய்தாலும் எலும்புக்குக் கேடில்லை.

நான்கே வாரம்தான் இருக்கிறது என்றால் இந்தக் கணக்கை நெருக்கிப் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். தூரத்தைக் குறையுங்கள், அல்லது குழுவாகச் சேர்ந்து சைக்கிள் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்கு அவசரம் புரியாது.

வலியை எப்படி அளப்பது? பூஜ்யத்திலிருந்து பத்து வரை மனசுக்குள் மதிப்பெண் போடுங்கள். மூன்று வரை இருந்து, மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் பத்து அடியில் காணாமல் போனால் தொடரலாம். மூன்றைத் தாண்டினாலோ, மறுநாளும் இருந்தாலோ ஒரு படி பின்னால் போக வேண்டும். தொடை முழுக்க, கெண்டை முழுக்கப் பரவலாக இருக்கும் வலி தசைவலி; இரண்டு மூன்று நாளில் போய்விடும். கணைக்கால் எலும்பின் மேல் ஒரே ஒரு விரல் வைக்கிற இடத்தில் அழுத்தினால் சுருக்கென்றால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், அது வேறு. அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் தெரியாமல் போவது சகஜம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற ஒரு சொல்லை நம்பித் திரும்ப ஓடக் கூடாது. வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து படுத்து எழுந்தவர்கள் இந்த எட்டு வாரத்தைக் காய்ச்சல் விட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு வாரம் நடை மட்டும்தான். மாடிப்படி ஏறும்போது படபடப்போ, நெஞ்சில் கனமோ இருந்தால் ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் ஓட வேண்டாம். சிக்குன்குனியாவுக்குப் பிறகு கணுக்கால் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். அதை ஓட்டத்தால் வந்த வலி என்று நினைத்துக் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டு கணுக்காலும் காலையில் எழுந்தவுடன் விறைத்து, நடக்க நடக்கத் தளர்ந்தால், அது பெரும்பாலும் காய்ச்சலின் மிச்சம்.

போட்டி நாளில் செய்யும் பெரிய தவறு முதல் ஓட்டத்தில்தான் நடக்கிறது. குறுந்தூர டூயத்லானில் பொதுவாக 5 கிலோமீட்டர் ஓட்டம், 20 கிலோமீட்டர் சைக்கிள், மறுபடி 2.5 கிலோமீட்டர் ஓட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். தை, மாசிக் குளிரில் உடம்பு லேசாக இருக்கும், கூட்டம் இழுத்துக்கொண்டு போகும். பழைய வேகத்தில் போனால் கெண்டை அந்த 5 கிலோமீட்டரிலேயே காலியாகிவிடும். ஆனால் அது அப்போது தெரியாது. சைக்கிளில் கெண்டைக்குப் பெரிய வேலை இல்லாததால் அடுத்த முக்கால் மணி நேரம் அந்தச் சேதம் மறைந்தே இருக்கும். இறங்கி இரண்டாவது ஓட்டம் தொடங்கும்போதுதான் பிடிக்கும்.

கணக்காகவே பாருங்கள். நல்ல நாளில் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் ஓடுகிறவர், இடைவெளிக்குப் பிறகு முதல் ஓட்டத்தை 6 நிமிடம் 45 விநாடி வேகத்தில் ஓடினால் 5 கிலோமீட்டரில் இழப்பது 3 நிமிடம் 45 விநாடி. பழைய வேகத்திலேயே ஓடிக் கெண்டை பிடித்து, கடைசி 2.5 கிலோமீட்டரை நடந்தால்? 7 நிமிட வேகத்தில் பதினேழரை நிமிடத்தில் முடிய வேண்டியது, பத்தரை நிமிட நடையில் 26 நிமிடம் 15 விநாடி ஆகும். 8 நிமிடம் 45 விநாடி போச்சு, காலும் போச்சு. முதல் ஓட்டத்திலேயே நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி நடப்பதும் நல்ல உத்தி. கெண்டை நன்றாக இருக்கும்போதே நடக்க வேண்டும். பிடித்த பிறகு நடப்பதில் பயனில்லை. போட்டியில் நடப்பது கௌரவக் குறைவு என்று இளைஞர்கள் சிலர் நினைக்கிறார்கள். விதிகளில் நடக்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

சைக்கிளில் கடைசி ஒரு கிலோமீட்டர் வரும்போது கியரை ஒன்றிரண்டு லேசாக்கி, நிமிடத்துக்கு 90 சுற்றுக்குக் குறையாமல் கால் சுழலட்டும். கனமான கியரில் மிதித்தபடியே வந்து இறங்கினால் தொடை கட்டை மாதிரி இருக்கும். இறங்கிய பிறகு முதல் 500 மீட்டர் அடியைக் குட்டையாக, வேகமாக வையுங்கள். நீளமாக எட்டி வைக்கக் கூடாது. வழக்கத்தைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு அதிக அடி வைத்தாலே முழங்காலில் இறங்கும் பாரம் குறையும்.

நடுவில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நடக்கும் மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஹெல்மெட்டின் வார் கொக்கி ‘டிக்’ என்று மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்க வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். ஏறும் கோட்டுக்கு முன்னால் ஏறக் கூடாது, இறங்கும் கோட்டைத் தாண்டி இறங்கக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் இவற்றில்தான். அவசரத்தில் கை நடுங்கும், கொக்கி மாட்டாது. வீட்டுத் திண்ணையில் முந்தின வாரம் பத்து முறை பழகினால் போதும். ஹெல்மெட்டைத் தலைகீழாக, வார் இரண்டும் வெளிப்பக்கம் தொங்க, கைப்பிடிமேல் வையுங்கள். எடுத்து அப்படியே தலையில் கவிழ்த்தால் வார் தானாகத் தாடைக்கு வரும்.

சைக்கிள் விஷயத்தில் மழைக்காலம் முடிந்த பிறகு நம் பக்கத்துக்கே உரிய தொல்லைகள் உண்டு. முதலாவது முள். வேலிக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் மழைக்குத் தழைத்து, காய்ந்து, சாலை ஓரத்தில் கிடக்கும். பஞ்சரான டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துணியை வைத்து மெல்லத் தடவுங்கள். வெறும் விரலால் தடவினால் விரலில் ஏறும். முள்ளின் நுனி ஒடிந்து ரப்பருக்குள்ளேயே நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. குறடால் வெளியே இழுத்து, மறுபடி தடவிப் பார்த்துத்தான் புது டியூபைப் போட வேண்டும். இதைச் செய்யாமல் புது டியூபைப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கலாம் என்று இருப்பவர்கள் தங்கள் டியூபின் வாயைப் பார்த்துக்கொள்ளுங்கள். பங்க்கின் குழாய் கார், பைக் டியூபின் தடித்த வாய்க்கு மட்டும் பொருந்தும். மெல்லிய ஊசி வாய் உள்ள ரேஸ் சைக்கிள் டியூபுக்கு ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். விலை சொற்பம், சீட் பைக்குள் ஒன்று கிடக்கட்டும்.

மழையில் நனைந்து மூலையில் நின்ற சைக்கிள் என்றால் செயினை மண்ணெண்ணெய் அல்லது டீசல் தோய்த்த துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தை மறுபடி துடைத்துவிடுங்கள். சக்கர விளிம்பிலும் பிரேக்கிலும் அந்தத் துணி படவே கூடாது. வெளியே நிற்கும் எண்ணெய் புழுதியைப் பிடித்து அரம் போல அரிக்கும். கியர் கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். மேட்டில் கியர் தாமதமாக விழுந்து செயின் கழலும். பிரேக் கட்டையில் மணலோ சிறு உலோகத் துகளோ பதிந்திருந்தால் ஊசியால் நோண்டி எடுங்கள்.

இரண்டாவது, சாலையில் காயும் கேழ்வரகும் கொள்ளும். மார்கழி, தையில் தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் அறுத்த கதிரைச் சாலையில் பரப்பி வண்டிகளை ஏறவிட்டுத் தாள் பிரிப்பார்கள். வைக்கோல் மீது சைக்கிள் சக்கரம் வழுக்கும். பிரேக் பிடித்தால் கண்டிப்பாகச் சறுக்கும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியைத் திருப்பாமல், பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். தாள் பின்பல்லில் சுற்றினால் மிதிப்பதை நிறுத்தி இறங்கி எடுங்கள். மிதித்துக்கொண்டே இருந்தால் கியர் கை வளைந்துவிடும். விவசாயிக்கு வருடத்தில் சில நாள் வேலை அது. அவரோடு சண்டை போடுவதைவிட வழியை மாற்றிக்கொள்வது முறை.

மூன்றாவது யானை. பன்னேர்கட்டா பக்கமிருந்து வரும் கூட்டங்கள் கேழ்வரகு முற்றும் காலத்தில் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரங்களில் இருக்கும். விடிவதற்கு முன் அந்தச் சாலைகளில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடுவது உயிரோடு விளையாடுவது. தொப்பூர் கணவாய் இறக்கத்தையும் பயிற்சிக்கு எடுக்காதீர்கள். லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் அங்கே அடிக்கடி நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தேசிய நெடுஞ்சாலை 44ல் மார்கழிப் பனியில் சைக்கிள் ஓட்டுவதும் அதே ரகம். தை மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஆறே முக்காலை ஒட்டி. பனி விலகியபின் கிளம்பினால் ஒன்றும் கெட்டுவிடாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத சைக்கிள் சாலைக்கு வரவே வேண்டாம்.

சாப்பாடு. களியும் கூழும் நம் உடம்புக்குப் பழகிய நல்ல உணவு. ஆனால் போட்டி நாள் காலையில் வேண்டாம். நார்ச்சத்து அதிகம், செரிக்க நேரமாகும், ஓடும்போது வயிறு குலுங்கிப் பிடிக்கும். இரண்டரை மணி நேரம் முன்பு மூன்று நான்கு இட்லி, கொஞ்சம் சர்க்கரையோ வாழைப்பழமோ போதும். ஒன்றரை மணி நேரம் தாண்டும் போட்டிக்கு உப்புக் கலந்த நீர் தேவை. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூன் இரண்டுமே தலை தட்டி. எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கையளவு தண்ணீரில் கலந்து குடித்தால் வாந்தி வரும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு. அதை மட்டும் நம்பக் கூடாது. தாகம் இல்லாமல் லிட்டர் கணக்கில் வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து.

போட்டிக்கு முன் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவிவருகிறது. இது எங்களை மிகவும் கவலைப்பட வைக்கிறது. டைக்லோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வியர்த்து உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது இரட்டை அடி. அதோடு, நிறுத்து என்று சொல்லும் வலியையும் மறைத்துவிடும். மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் இருப்பவர் அன்று வரிசையில் நிற்கக் கூடாது.

நீச்சலும் சேர்ந்த டிரையத்லானுக்குப் போக விரும்புகிறவர்கள் அணைகளிலும் ஒகேனக்கல் ஆற்றிலும் பழக நினைக்காதீர்கள். அங்கே அடியோட்டமும் சுழலும் கண்ணுக்குத் தெரியாது. கிணற்று நீச்சலில் தேர்ந்தவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது, அது பெரிய சொத்து. ஆனால் தலையைத் தூக்கியே நீந்திப் பழகியிருப்பார்கள், அப்படி 750 மீட்டர் போனால் கழுத்தும் இடுப்பும் கடுத்துவிடும். குளத்தில், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளிவிடப் பழக வேண்டும்.

போட்டி நடத்துபவர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் உண்டு. வருடத்தின் முதல் போட்டியில் 2.5 கிலோமீட்டர் ஓட்டம், 10 கிலோமீட்டர் சைக்கிள், ஒன்றேகால் கிலோமீட்டர் ஓட்டம் என்று பாதித் தூரப் பிரிவு ஒன்று கட்டாயம் வையுங்கள். அதை சிறுவர் பிரிவாக மட்டும் ஆக்காமல் எல்லா வயதுக்கும் திறந்துவிடுங்கள். பெரிய தூரத்துக்குப் பணம் கட்டியவர், முந்தின நாள் மாலை நம்பர் அட்டை வாங்கும் இடத்தில் கூடுதல் கட்டணமில்லாமல் சிறிய தூரத்துக்கு மாறிக்கொள்ள அனுமதியுங்கள். கட்டிய பணம் வீணாகிவிடுமே என்றுதான் பலர் வலியோடு ஓடுகிறார்கள். வெளிச்சம் வந்த பிறகு, ஆறரைக்கு மேல் ஓட்டத்தைத் தொடங்கினால் சைக்கிள் பகுதி பனிக்குள் மாட்டாது. சைக்கிள் பாதையை அதிகாலையில் ஒருமுறை பெருக்கச் செய்யுங்கள். ஓரத்து முள் அதோடு போகும். நம் இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், தண்ணீர் மேசைகளுக்கு போர் தண்ணீரை நிரப்பாமல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ வையுங்கள். இரண்டாவது ஓட்டம் தொடங்கும் இடத்தில் ஒரு ஃபிசியோதெரபிஸ்ட் நிற்கட்டும். முடிவுக் கோட்டில் நிற்பதைவிட அங்கே நின்றால்தான் கெண்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவரை நிறுத்தி, ‘இன்றைக்கு இது போதும்’ என்று சொல்ல முடியும்.

இப்படிக்கு,
ஓட்டமும் சைக்கிளும் பயிற்றுவிக்கும் இருவர்,
கிருஷ்ணகிரி.